அக்காவின் கிளட்ச் வண்டி

அந்தக் காரில் மிதிகள் மூன்று இருந்தன. என்னிடம் கால்கள் இரண்டுதான். உமக்காவ் நகரத்து ஜூன் மாத வெயிலில், விற்பனைக்கூடத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பழுத்த மாம்பழ நிறத்தில் ஒரு புத்தம்புது மஸ்டாங் நின்றுகொண்டிருந்தது. அதன் ஓட்டுநர் இருக்கையில் நான் உட்கார்ந்திருந்தேன். இருக்கையின் பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை. நான் மூச்சு விட்டால்கூட அது பதில் சொன்னது. விற்பனையாளர் ரைமுண்டோ ஜன்னல் வழியாகக் குனிந்து, கழுத்திலிருந்து சென்ட் வாசனை வீச, வண்டியின் பெருமைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது மிதியைத் தெரியும். நடு மிதியையும் தெரியும். இடது ஓரத்தில் ஒன்று, கூப்பிடாமல் வந்த சொந்தக்காரர் மாதிரி, நகரும் எண்ணமில்லாமல் இருந்தது.

வண்டி என்னுடையதல்ல, என் அக்கா நெரெய்தாவுடையது. அவள் குவைத்தில், அமெரிக்க ராணுவ முகாம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். சீருடை கிடையாது, ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தத் தொழிலாளி. வெடிக்காமல் மண்ணுக்குள் கிடக்கும் குண்டுகளைத் தேடி எடுப்பது அவள் தொழில். அந்த மாதிரி முகாம்களில் சோப்பும் சிப்ஸும் விற்கிற கடைக்குள்ளேயே ஓர் ஓரத்தில் கார் விற்கும் மேசை ஒன்று இருக்குமாம். அங்கே கார் இருக்காது. ஒரு கணினி, வண்ணத் தகடுகளும் தோல் துண்டுகளும் கோத்த ஒரு வளையம், நல்ல ஏசி, அவ்வளவுதான். பாலைவனத்திலிருந்து வருகிறவர்கள் அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, நிறம் இது, சக்கரம் இது, இருக்கையின் தையல்நூல் இந்த நிறம் என்று கல்யாணத்துக்குப் புடவை எடுப்பதுபோலப் பொறுமையாகத் தேர்ந்தெடுப்பார்கள். வண்டி தொழிற்சாலையில் தயாராகி அவரவர் ஊருக்கு வந்து நிற்கும். வாங்கியவர்களிடம் அதன் படம் மட்டும் இருக்கும். மணல்காற்று அடிக்கிற நாட்களில் முகாமே படம் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

நாலு வருஷமாக அவள் அந்த மேசையைக் கடந்து போய் சோப்பு மட்டும் வாங்கிக்கொண்டு வந்தவள். அவள் சம்பளம் முதலில் எங்கள் வீட்டுக்குக் கூரையானது. பிறகு அம்மாவுக்குப் பல்வரிசையானது. அதற்கடுத்து நானானேன், உமக்காவ் பல்கலைக்கழகத்தில் உயிரியல் இரண்டாம் ஆண்டு. இந்த மூன்றில் முதல் இரண்டும் உறுதியாக நிற்கின்றன. இந்த வருஷம்தான் அவள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். "அவளுக்குன்னு அவ வாங்கற மொத சாமான்டா, யாமில்," என்று அம்மா போனில் தினமும் சொன்னாள், நான் அதைத் திருடிக்கொண்டு போய்விடுவேன் என்பதுபோல. சனிக்கிழமை அக்கா இரண்டு வார விடுமுறையில் வருகிறாள். அதற்குள் வண்டியைக் கீறலில்லாமல் வியேக்கஸ் தீவில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டியது என் பொறுப்பு. ராணுவத்தோடு வெளிநாடு போகிறவர்கள் தங்கள் சார்பில் எல்லாம் செய்யும் உரிமையை வீட்டில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். அக்கா எனக்குக் கொடுத்திருந்தாள். அதன்படி நான் அவள் பெயரில் நிலத்தை விற்கலாம், வழக்குப் போடலாம். எனக்குக் கிளட்ச் அழுத்தத் தெரியும் என்று மட்டும் அதில் எங்கும் சொல்லியிருக்கவில்லை.

சரக்குப் படகில் வண்டிக்கு வியாழக்கிழமை மதியம் இடம் கிடைத்திருந்தது. அன்று புதன். இதைத் தவறவிட்டால் அடுத்த இடம் கிடைப்பதற்குள் அக்கா விடுமுறை முடிந்து பாலைவனத்துக்கே திரும்பிப் போயிருப்பாள். ரைமுண்டோவிடம் வண்டியின் அழகை இன்னும் கொஞ்சம் ரசித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஜன்னலை ஏற்றிக்கொண்டு அவளைப் போனில் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம்.

"அக்கா, இது கிளட்ச் வண்டி."

"தெரியும்."

"எனக்கு ஓட்டத் தெரியாது."

"அதுவும் தெரியும்டா."

அவளுக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தெரிந்தேவா வாங்கினாய் என்று கேட்டேன்.

"நம்ம வீட்ல யாருக்கு ஓட்டத் தெரியுமோ அவரக் கூப்பிடு," என்றாள். "எனக்குச் சாப்பாட்டு வரிசைக்கு நேரமாச்சு."

வீட்டில் கிளட்ச் வண்டி ஓட்டத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் அக்காவோடு பேசி நாலு வருஷம் ஆகிறது.

என் அப்பா எலாடியோ மீனவர்களுக்கு ஐஸ் விற்பவர். அவருடைய ஐஸ் வண்டி என்னைவிட மூத்தது, என்னைவிட ஒழுங்காக வேலைக்குப் போவது. எங்கள் தீவின் ஒரு கோடியில் அமெரிக்கக் கடற்படை அறுபது வருஷம் குண்டு போட்டுப் பழகியது. அதை நிறுத்தச் சொல்லி ஊரே அந்தக் குண்டுக் கரையில் கூடாரமடித்து உட்கார்ந்தபோது, கூடாரங்களுக்குத் தண்ணீரும் ஐஸும் ஏற்றிக்கொண்டு போனவர் அப்பா. அத்துமீறி நுழைந்ததற்காகப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். நான் பிறந்த செய்தி அவருக்குச் சிறையில்தான் கிடைத்தது. நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் அங்கே ஒரே வழியாகத்தான் வரும் என்பார். கடைசியில் கடற்படை போனது. குண்டுகள் போகவில்லை. மண்ணுக்குள்ளும் கடலுக்குள்ளும் கிடந்தவற்றை எடுக்க நிறுவனங்கள் வந்தன, உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தன. அக்கா அதில் சேர்ந்தபோது அப்பாவுக்குப் பெருமைதான். போட்டவன் காசிலேயே எடுக்கிறாள் என்று மீன்பிடித் துறையில் எல்லோரிடமும் சொன்னார்.

அப்புறம் பெரும்புயல் வந்து எங்கள் தகரக் கூரையைத் தூக்கிக்கொண்டுபோய் யாருக்கோ கொடுத்துவிட்டது. அம்மா பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. அப்போது பள்ளிக்கூடமும் இல்லை, சமையலும் இல்லை. நீல நிறத் தார்ப்பாயின் கீழ் மாதக்கணக்கில் இருந்தோம். ஒருநாள் அக்கா குவைத்துக்குப் போவதாகச் சொன்னாள். அங்கே ராணுவத்தின் பயிற்சித் திடலில் குண்டு எடுக்கும் வேலை. அப்பா தார்ப்பாயின் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார், "இங்க நீ ஒரு குண்டை எடுத்தா அந்த மண்ணு நமக்கு. அங்க எடுத்தா, அவன் அடுத்த குண்டு போட இடம்." அக்கா தலைக்கு மேலே இருந்த தார்ப்பாயைக் காட்டி, இதை யார் மாற்றுவது என்று கேட்டாள். இரண்டு பேர் சொன்னதும் சரியாக இருந்ததால் பேச்சு அதோடு நின்றது. அவள் போனாள். கான்கிரீட் கூரை வந்தது. அப்பா அதைக் கூரை என்று சொல்வதில்லை, சிமெண்ட் என்பார். சிமெண்ட்டுக்குக் கீழேதான் நாலு வருஷமாகத் தூங்குகிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீடியோவில் வருவாள். அம்மா போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்துப் பேசுவாள். அப்போது மட்டும் அப்பாவுக்கு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் வேலை வந்துவிடும். ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் போவார், கொஞ்ச நேரத்தில் அதே வாளியோடு அந்தப் பக்கம் வருவார். வாளியில் ஒன்றும் இருக்காது. குவைத்தில் இருக்கிற அக்காவுக்கு அப்பா என்பவர், வாரம் ஒருமுறை திரையின் ஓரத்தில் நடந்து போகும் ஒரு பனியன்.

இந்த மனிதரிடம்தான், அமெரிக்க ராணுவ முகாமின் கடையில் ராணுவத்துக்காரர்களுக்கென்றே விற்கப்பட்ட ஒரு காரை வந்து ஓட்டச் சொல்ல வேண்டும். அதற்கு அவர் உமக்காவ் இருக்கிற பெரிய தீவுக்குப் படகேறி வர வேண்டும். அதில் இன்னொரு சிக்கல் இருந்தது. படகுத்துறையைச் சில வருஷங்களுக்கு முன் சேய்பாவுக்கு மாற்றிவிட்டார்கள். கடற்படை விட்டுப்போன பழைய தளத்துக்குள்ளே இருக்கிறது அது. ஒருகாலத்தில் எங்கள் தீவுமேல் குண்டு போடப் போன கப்பல்கள் நின்ற இடம். படகுத்துறை அங்கே போனதிலிருந்து அப்பா பெரிய தீவில் கால் வைக்கவில்லை. பல்வலி வந்தபோதுகூட உப்புத்தண்ணீர் கொப்பளித்தே சமாளித்தார்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். அப்பா பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறார், ஆனால் காதில் விழாத மாதிரி இருக்கிறார் என்றாள். விஷயத்தைச் சொன்னேன். அம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஊருக்கே கேட்கும் குரலில் திருப்பிச் சொல்லத் தொடங்கினாள். வண்டி வந்திருக்கிறது, கிளட்ச் வண்டி, நாளை மதியம் படகு, விட்டால் பிள்ளை பார்க்காமலே திரும்பிப் போவாள், தம்பிக்குப் பிரேக் எது என்றே தெரியவில்லை. கடைசி விவரம் அவளாகச் சேர்த்தது. மறுமுனையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"என்னம்மா சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லல. செருப்பத் தேடறாரு."

"வராரா?"

"ஐஸ் போடப் போறாரு. நாளைக்கு நீ எதுக்கும் துறைக்குப் போய் நில்லு."

வியாழக்கிழமை காலை என் பழைய டொயோட்டாவில் சேய்பா துறைக்குப் போய் நின்றேன். டொயோட்டாவில் மிதி இரண்டுதான். முதல் படகிலிருந்து பள்ளிக்கூட ஆசிரியைகள், கட்டுப்போட்ட காலோடு ஒருவர், கூண்டில் சேவலோடு ஒருவர் என்று இறங்கிப் போனார்கள். கூட்டம் வடிந்து, இனி யாருமில்லை என்று படகுக்காரன் இறங்கும் பலகையை இழுக்கப் போனபோது அப்பா வந்தார். கல்யாணங்களுக்குப் போடும் வெள்ளைச் சட்டை. கையில் பழைய துணி சுற்றிய ஒரு தெர்மாஸ். படகிலேயே உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். வெறுமனே இறங்க அத்தனை நேரம் ஆகாது. என்னைப் பார்த்ததும், நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"உங்கிட்ட விட்டா கிளட்ச எரிச்சுருவே," என்றார். "நல்ல வண்டி. பாவம்."

டொயோட்டாவில் ஏறி, வாயை மூடிக்கொண்டு, கன்னம் உப்ப உட்கார்ந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். பதிலில்லை. அப்புறம்தான் புரிந்தது. தளத்தின் காற்றை உள்ளே இழுக்கக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். துறையிலிருந்து வெளி வாயில்வரை அந்தத் தளம் மிகப் பெரியது. கடற்படை சிக்கனமாக எதையும் கட்டியதில்லை. பாதி தூரத்தில் அப்பா தோற்றுப்போய், ஒரு பெருமூச்சு விட்டு, வேறு வழியில்லாமல் இன்னொன்றை இழுத்துக்கொண்டார். நான் ரேடியோவைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தேன்.

விற்பனைக்கூடத்தில் ரைமுண்டோ காரின் முன்பக்கத்தில் ஒரு சிவப்புப் பட்டு ரிப்பனைக் கட்டிவைத்திருந்தார். என் தலையைவிடப் பெரிய முடிச்சு. படைத்துறைக்காரர்கள் வாங்கும் வண்டிகளுக்கு இது கூடத்தின் தனி மரியாதையாம். வெள்ளைச் சட்டையில், முதுகு நிமிர்ந்து, வெயிலில் கறுத்து, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்த அப்பாவைப் பார்த்ததும் அவர் தானாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இரண்டு கையாலும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க செஞ்ச சேவைக்கு ரொம்ப நன்றிங்க ஐயா."

அப்பா அவரையே பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். ஓட வேண்டியிருந்தால் எந்தப் பக்கம் என்று.

"பரவால்ல," என்றார் அப்பா.

"எங்க இருந்தீங்க?"

"குவாய்னாபோவுல."

"ஓ, அங்க முகாம் இருக்குல்ல. எப்படிங்க இருந்துச்சு?"

"சாப்பாடு பரவால்ல. வெளிய விடமாட்டாங்க."

ரைமுண்டோ தலையை ஆட்டி, ஒழுக்கம் என்றால் அதுதான் என்றார். குவாய்னாபோவில் முகாமும் இருக்கிறது, அப்பா இருந்த கூட்டாட்சிச் சிறையும் இருக்கிறது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பிறகு ரிப்பனோடு ஒரு படம் எடுக்க வேண்டும் என்று ரைமுண்டோ வற்புறுத்தினார். அப்பா படத்துக்கெல்லாம் நிற்க மாட்டார் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போய் நின்றுவிட்டார். கேமராவைப் பார்க்கவில்லை. இஞ்சின் மூடியின் மேல் கையை வைத்துப் பார்த்து, வெயிலில் சுடுகிறது, நிழலில் விடக் கூடாதா என்று ரைமுண்டோவைக் கேட்டார். அந்தப் படம்தான் கிடைத்தது. அதை அக்காவுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது.

அப்பா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முதலில் எதையும் தொடவில்லை. கியர்க் குமிழை ஒருமுறை பார்த்தார். கிளட்சை மிதித்து விட்டார், மிதித்து விட்டார், ஒரு புதுக் குதிரைக்குத் தன் கையை முகர்ந்து பார்க்கக் கொடுக்கிறவரைப்போல. பிறகு வண்டி, தான் நகர்வது தனக்கே தெரியாத மாதிரி, வழுக்கிக்கொண்டு வெளியே போனது. நான் பக்கத்து இருக்கையில், பிளாஸ்டிக் உறை சத்தம் போடாமல் இருக்க, மூச்சைக் குறைத்துக்கொண்டேன். நெடுஞ்சாலையில் நானூற்றைம்பது குதிரைத்திறன் கொண்ட அந்த வண்டியை அப்பா ஐஸ் வண்டியின் வேகத்தில் ஓட்டினார். கோழித்தீவன லாரி ஒன்று எங்களை முந்திப்போனது. அதன் ஓட்டுநர் எட்டிப் பார்த்து, மனம் நொந்தவராகத் தலையை ஆட்டினார். அப்பா இந்த ஊரில் யாருக்கும் பொறுமை கிடையாது என்றார்.

கொஞ்ச தூரம் போனதும் கடல் தெரிய ஆரம்பித்தது. அப்பாவாகப் பேசத் தொடங்கினார். குண்டுக் கரைக்குத் தண்ணீர் ஏற்றிப்போன நாட்களில் அக்காவுக்குப் பத்து வயது. ஐஸ் வண்டியின் முன்னால் நடுவில் உட்கார்ந்துகொள்வாள். அப்பா கிளட்சை மிதித்து 'ம்' என்பார், அவள் இரண்டு கையாலும் கியரைத் தள்ளுவாள். காவல் வண்டி துரத்திய ஒரு நாள்கூட அவள் அப்படித்தான் போட்டாளாம். ஒருமுறைகூடக் கியரின் பல் உரசியதில்லை. "போட்டாளான்னு நான் திரும்பிப் பாக்க மாட்டேன். போட்டிருப்பா." பிறகு என்னைப் பார்த்தார். நீ போடு என்று கண்ணைக் காட்டி, கிளட்சை மிதித்து 'ம்' என்றார். நான் போட்டேன். வண்டிக்குள்ளிருந்து இரும்புத் தொழிற்சாலையின் சத்தம் ஒன்று வந்தது. அப்பா என் கையை மெல்ல எடுத்து என் மடியிலேயே வைத்தார்.

"உன்னப் படிக்க வெச்சது சரிதான்," என்றார்.

நான் கேட்டுவிட்டேன். அத்தனை வருத்தம் இருக்கிறவர் ஏன் வந்தீர்கள் என்று. அப்பா அவசரப்படவில்லை. ஒரு பேருந்து முந்திப் போகும்வரை காத்திருந்தார்.

"வருத்தம் இருக்கு. அது எங்கயும் போகல. அவ அங்க பண்றது தப்புன்னுதான் இப்பவும் சொல்வேன்." ஸ்டியரிங்கில் கட்டைவிரலைத் தட்டினார். "ஆனா ஒவ்வொரு மழைக்கும் நன்றி சொல்றேன்டா. தலைக்கு மேல சத்தம் மட்டும் கேக்குது, தண்ணி வரல. யாருக்கு நன்றின்னு சொல்றதில்ல. சொல்லாம விட்டா நன்றி இல்லேன்னு ஆயிருமா?"

எனக்குக் கிண்டலாகப் பேசத்தான் வரும், அதற்கு அப்போது வேலையில்லை.

"ஞாயித்துக்கிழம நான் சும்மா வாளியத் தூக்கிட்டு நடக்கறேன்னு நெனச்சியா?" என்றார். "அந்த வேலையில மொதல்ல போறது வெரலு. எனக்கு அவ ரெண்டு கையும் தெரியணும். தெரிஞ்சா உள்ள போயிருவேன். சில நாள் ஒரு கைய மேசைக்கடில வெச்சுக்கிட்டே பேசுவா. அன்னிக்கு நட ஜாஸ்தி."

நான் ஜன்னல் பக்கம் திரும்பி, பார்ப்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். கடல் இருந்தது. கடலுக்கு நன்றி.

சேய்பா தளத்தின் வாயில் வந்தது. அப்பா இந்தமுறை மூச்சைப் பிடிக்கவில்லை. வாயிலை ஒட்டி ஒரு வேகத்தடை. வண்டியோ தரையோடு தரையாகத் தாழ்ந்த வண்டி. அடி உரசிவிடாமல் கோணலாக ஏற்றி, ஒரு சக்கரம், அடுத்த சக்கரம் என்று இறக்குவதிலேயே அவர் கவனம் போய்விட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு, தனக்குள், மெல்ல, மெல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தார். தடை தாண்டியதும் நிறைய மூச்சு விட்டார், நிறைய இழுத்தார், எங்கே இருக்கிறோம் என்றே அவருக்கு நினைவில்லை. நான் நினைவுபடுத்தவில்லை. என் வாழ்க்கையில் நான் சொல்லாமல் விட்ட நல்ல வாக்கியங்களில் அது ஒன்று.

வண்டியோடு அப்பா சரக்குப் படகில் போனார், நான் பயணிகள் படகில். தீவில் இறங்கி எனக்காகக் காத்திருந்தார். எங்கள் தீவில் அந்த வண்டியை மூன்றாவது கியருக்குக் கொண்டுபோவதற்குள் நிலம் முடிந்துவிடும். அதோடு சாலையெல்லாம் குதிரைகள். யாருக்கும் சொந்தமில்லாதவை, அல்லது யாருக்கோ சொந்தமானவை, யாரும் உரிமை கொண்டாடாதவை. மாம்பழப் பருவமாதலால் விழுந்த பழங்களைத் தின்றுகொண்டு நடுச்சாலையில் நின்றன. குதிரைக்கு ஹார்ன் அடிப்பது எங்கள் ஊரில் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி. நானூற்றைம்பது குதிரைகள், மூன்று குதிரைகளுக்குப் பின்னால், அவை நடக்கிற வேகத்தில் ஊர்ந்தன. எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் அப்பா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி வணக்கம் வைத்தார். அதுவும் எங்கள் ஊர் முறைதான், வைக்காவிட்டால் வருஷம் முழுக்கச் சொல்லிக்காட்டுவார்கள். ஆனால் அன்றைக்கு எல்லோரும் கை காட்ட மறந்து வாயைப் பிளந்தார்கள். மீன்பிடித் துறை வாசலில் ஒருவர் எங்கள் வண்டியையே நிறுத்திவிட்டார்.

"எலாடியோ அண்ணே, என்னண்ணே, ஐஸ்ல இவ்வளவா வருது?"

"பொண்ணுது," என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். ஆனால் நாலு வருஷத்தில் அவர் அந்தச் சொல்லைத் தெருவில் வைத்துச் சொன்னதை நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை பயணிகள் படகில் அக்கா வந்தாள். அப்பா துறைக்கு வரவில்லை. பக்கத்து வீட்டின் கிளட்ச் இல்லாத ஜீப்பை வாங்கிக்கொண்டு நான்தான் போனேன். அவள் இளைத்திருந்தாள், கழுத்துவரை ஒரு நிறம், அதற்குமேல் இன்னொரு நிறம். வண்டி எப்படி என்று கேட்கவில்லை. ஓட்டினாரா என்று மட்டும் கேட்டாள். ஓட்டினார் என்றேன். எப்படி ஓட்டினார் என்றாள். கோழி லாரி முந்தியது என்றேன். ஜீப்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றதும் வீடு வரும்வரை கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

எங்கள் வீட்டு போர்டிகோ எப்போதும் ஐஸ் வண்டிக்குத்தான். அன்று ஐஸ் வண்டி தெருவில், வெயிலில், வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட கிழவரைப்போல நின்றது. போர்டிகோவில் மஸ்டாங் இருந்தது என்று தெரியும், ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. முன்னிருந்து பின்வரை அதன்மேல் ஒரு பெரிய வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. படுக்கை விரிப்பாக இருந்தால் இரண்டு மூன்றைத் தைத்திருக்க வேண்டும். துணியில் ஆள் உயரத்துக்கு நீல எழுத்துக்கள், பெயின்ட் வெடித்து, கழுவிக் கழுவி மங்கி. குண்டுக் கரையில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே கட்டியிருந்த பதாகை அது. இன்னும் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. 'இனி ஒரு குண்டும் வேண்டாம்' என்று காரின் நெற்றியில் தொடங்கி, கூரைமேல் ஏறி, பின்பக்கம் இறங்கியது.

அக்கா பையைத் தோளிலிருந்து இறக்காமல் கேட்டருகே நின்று அதைப் படித்தாள். தெரிந்த வாசகம்தான், ஆனால் நேரம் எடுத்துக்கொண்டாள். உள்ளே அப்பா ஏற்கனவே கழுவிய பாத்திரத்தைத் திரும்பக் கழுவும் சத்தம். அம்மா வாசல்படியில், அழவும் செய்யாமல் கூப்பிடவும் செய்யாமல், முந்தானை இல்லாததால் கையில் கிடைத்த அடுப்புத் துணியை முறுக்கிக்கொண்டு நின்றாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது. அப்பா வெளியே வந்தார். அக்காவைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தார்.

"உப்புக் காத்து," என்றார். "மூடி வெக்கலேன்னா நெறம் போயிரும்."

அக்கா பையை இறக்கிவைத்தாள். "இது இன்னும் கிழியலயாப்பா?"

"ஓரம் நைஞ்சிருக்கு. மெதுவா எடு."

அவள் முன்பக்கத்து முனைகளைப் பிடித்தாள். அப்பா பின்பக்கம் போய் மற்ற முனைகளைப் பிடித்தார். தூக்கியபோது கடலிலிருந்து ஒரு காற்று வந்து துணிக்குள் புகுந்து அதைச் சுவராக நிமிர்த்திவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு ஒருவருக்கு ஒருவர் தெரியவில்லை, துணிக்கு அடியில் நாலு கால்கள் மட்டும். மாம்பழ நிறத்தில் வண்டி வெளிச்சத்துக்கு வந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் துணியைப் பிடித்தபடி முற்றத்துக்கு நகர்ந்து, அகலத்தை ஒருமுறை மடித்து உதறினார்கள், இன்னொருமுறை மடித்து உதறினார்கள். எழுத்துக்கள் உள்ளே போய்விட்டன. இனி நீளவாக்கில் மடிக்க வேண்டும், அதற்கு யாராவது ஒருவர் தன் முனையை எடுத்துக்கொண்டு மற்றவரை நோக்கி நடந்தாக வேண்டும். அவர்கள் இன்னும் நடக்கவில்லை. இரண்டு முனைகளுக்கும் நடுவில் துணி தொட்டில்போலத் தாழ்ந்து தொங்கி, காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.